முதியோர் ஊழியம்: கம்பளி, பழம், ஜெபம் – இதற்கு மேல் என்ன?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர், அக்டோபர் 12

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். பிள்ளைகள் கோவை, திருப்பூர், பெங்களூரு என்று போய்விட்டார்கள். முதியோருக்கென்று ஓர் ஊழியம் தொடங்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். "வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கம்பளி கொடுக்கிறோம், முதியோர் ஞாயிறு வைக்கிறோம், படுக்கையில் இருப்பவர்களுக்கு ஐயர் (சபைப் போதகர்) அவர்கள் வீட்டுக்கே போய்த் திருவிருந்து கொடுக்கிறார். இதற்கு மேல் என்ன?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. இங்கே யாராவது சொல்லுங்களேன், இதற்கு மேல் என்ன?

பதில்: குன்னூரிலிருந்து ஒரு வாசகி, அக்டோபர் 13, காலை

கம்பளியை விட்டுவிடாதீர்கள். ஜனவரியில் உறைபனி விழும்போது தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் பாட்டிக்கு அது பெரிய காரியம்.

ஆனால் உங்கள் சபையின் ஜெபக்குறிப்பை எடுத்துப் பாருங்கள். படுக்கையில் இருப்பவர் பெயர் இருக்கும். அவரைக் குளிப்பாட்டுகிறவர், ராத்திரி எழுந்து பார்க்கிறவர், சோறு ஊட்டுகிறவர் பெயர் இருக்கிறதா? குன்னூரில் எங்கள் சபைக் குறிப்பில் வெகுகாலம் இல்லை. படுத்திருப்பவரைப் பார்க்க ஐயர் வருகிறார், பழம் வருகிறது, ஹார்லிக்ஸ் பாட்டில் வருகிறது. பார்த்துக்கொள்ளும் மருமகள் கோயிலுக்கு வந்தே பல மாதம் ஆகியிருக்கும். அவளுக்குக் கிடைப்பதெல்லாம், "என்னம்மா, கோயில் பக்கமே காணோம்?" என்ற கேள்விதான்.

ஆகவே முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். உங்கள் சபையில் யாரெல்லாம் இன்னொருவரை விட்டு ஒரு மணி நேரம்கூட நகர முடியாமல் வீட்டில் இருக்கிறார்கள்? கல்யாணம் ஆகாமல் அம்மாவோடு தங்கிவிட்ட மகள், மனைவியைப் பார்த்துக்கொள்ளும் ரிட்டயர்ட் வாத்தியார், தோட்டத்து வேலையை விட்டுவிட்ட மருமகள். பெயர் பெயராக எழுதுங்கள். கமிட்டியில் பேச வேண்டியதே இருக்காது, அந்தத் தாளை வைத்தால் போதும்.

அக்டோபர் 13, இரவு

"என்ன உதவி வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் ஒன்றும் வேண்டாம், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். நானும் அப்படித்தான் சொன்னேன்.

என் அத்தைக்கு (மாமியார்) பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. நான்தான் பார்த்துக்கொண்டேன். மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஐப்பசி கார்த்திகையில் குன்னூரில் துணி காயாது. ராத்திரிக்கு இரண்டு விரிப்பு நனையும். ரப்பர் ஷீட்டுக்கு மேலே போடுகிற பழைய வேட்டித் துண்டுகள் அது தனி. அடுப்படியில் கயிறு கட்டி, விறகடுப்புச் சூட்டில் காயப்போடுவேன். காய்ந்த மாதிரி இருக்கும், மடிக்கும்போது ஓரம் சில்லென்று இருக்கும். அத்தை பேச்சு குழறிப் போனவர், ஆனாலும் விரிப்பை முகர்ந்து பார்த்துவிட்டு "பொகை" என்று தெளிவாகச் சொல்வார். ஈரம் போகாத விரிப்பில் படுக்க வைத்தால் தோல் ஊறிப் புண் வரும் என்ற பயம் எனக்கு எந்நேரமும் உண்டு.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வீட்டு ஜெபத்துக்கு வந்தார்கள். வேதம் வாசித்து, பாட்டுப் பாடி, காபி குடித்துக் கிளம்பினார்கள். அதில் ஓர் அக்கா மட்டும் கை கழுவப் பின்பக்கம் போனவர், வாளியைப் பார்த்திருக்கிறார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பெரிய பிளாஸ்டிக் பையோடு வாசலில் நின்றார். "எங்க வீட்டு மெஷின்ல ட்ரையர் இருக்கு. ஈரத்தோட குடு" என்றார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு மறுத்தேன். அவரே உள்ளே போய் வாளியை எடுத்து, கையாலேயே பிழிந்து பையில் போட்டார். அந்த மழைக்காலம் முழுக்க எடுத்துப் போனார், மடித்துக் கொண்டுவந்தார். அன்றைக்கு வாசித்த வேதப்பகுதி எது என்று எனக்கு நினைவில்லை. அவர் துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்து, பெரியது கீழே சின்னது மேலே என்று அடுக்கிக்கொண்டு வருவது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

அதனால் "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். போன இடத்தில் அடுப்படியையும் பின்பக்கத்தையும் பாருங்கள்.

அக்டோபர் 15

"இதெல்லாம் சமூக சேவை, ஊழியம் ஆத்துமாவுக்கு உரியது" என்ற பதிவுக்கு.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் சபையில் எழுந்த முறுமுறுப்பே இதுதான்: அன்றாட விசாரணையிலே, அதாவது தினசரிப் பங்கீட்டிலே, விதவைகள் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை. அப்போஸ்தலர்கள் அந்தப் புகாரைத் தள்ளிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, ஜெபம்பண்ணி, அவர்கள்மேல் கைகளை வைத்து அந்த வேலையைக் கொடுத்தார்கள். அந்த ஏழு பேரில் ஸ்தேவான் ஒருவர். பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்டவர்தான் முதல் இரத்தசாட்சியும் ஆனார். ஊட்டியில் அவர் பெயரில், 1830இல் பிரதிஷ்டை செய்த கோயிலுக்குள் போகும்போதெல்லாம் எனக்கு இந்த அதிகாரம்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஜெபம் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அத்தை கடைசி நாட்களில் கண் திறந்தது பாமாலைப் பாட்டுக்கு மட்டும்தான்.

அக்டோபர் 18

சரி, நடைமுறைக்கு வருவோம். எங்கள் சபையில் செய்வது இது. வாரத்தில் ஒருநாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, இருவர் இருவராக ஒரு வீட்டுக்குப் போவோம். நாங்கள் உள்ளே போனதும் பார்த்துக்கொள்கிறவர் வெளியே கிளம்பிவிட வேண்டும். பேங்குக்குப் போகட்டும், அம்மா வீட்டுக்குப் போகட்டும், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். ஒருத்தி சிம்ஸ் பூங்காவுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். எதற்குப் போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் உட்காரப் போகிறவர்களுக்குச் சில விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். தெரியாதவரை அனுப்பினால் வீட்டுக்காரி வெளியே போனாலும் மனசு வீட்டிலேயே இருக்கும்.

படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்ற வேண்டும். இழுக்கக் கூடாது. கீழே போட்டிருக்கும் விரிப்போடு சேர்த்து, இருவர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் உரியும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி இந்த மூன்றையும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். அந்தப் பக்கம் சாய்க்காமல் வைத்து, நர்ஸுக்குச் சொல்லுங்கள்.

ஊட்டும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கஞ்சியைவிடத் தண்ணீர்தான் சீக்கிரம் புரையேறும், இது பலருக்குத் தெரியாது. சாப்பிட்டதும் படுக்க வைக்காமல் அரைமணி நேரம் சாய்ந்த வாக்கில் வையுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களிடம் வாதம் செய்யாதீர்கள். சாயங்காலம் ஆனால் பலருக்குப் பரபரப்பு கூடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி, ஆயுசு முழுக்க எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், பொழுது சாய்ந்ததும் "இலை நிறுக்கப் போகணும், விடு" என்று கதவைப் பிடித்து இழுப்பார். மகள் தினமும் "உனக்கு ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆச்சும்மா" என்று அழுவாள். எங்கள் குழுவில் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு எத்தனை கிலோ பாட்டி?" என்று கேட்டாள். பாட்டி நின்றுவிட்டார். கணக்கு சொன்னார். எந்தக் காட்டில் பறித்தார், கூட யார் நிரை பிடித்தார்கள் எல்லாம் சொன்னார். கதவை மறந்துவிட்டார். மகள் அதை அடுப்படியிலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

அரசாங்கத் தரப்பில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண நர்ஸும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருவதும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். பதிவதையே ஓர் ஊழியமாக எடுத்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்கிறவர் வெளியே போய்க் காத்திருக்க முடியாது.

அக்டோபர் 19

மேலே எழுதியதில் விட்டுப்போன ஒன்று. குளிருக்காகக் கரி அடுப்பை முதியவர் அறையில் வைத்து ஜன்னலைச் சாத்தும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கரிப்புகை நெடியே இல்லாமல்கூட ஆளைக் கொல்லும். நம் மலையில் இப்படிச் சாவு நடந்திருக்கிறது. போகிற வீட்டிலெல்லாம் இதைப் பாருங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். வெந்நீர்ப் பை போதும். அதையும் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும், மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது.

அக்டோபர் 25

வாலிபர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்ட தம்பிக்கு: நிறைய இருக்கிறது, உன் போன் போதும்.

எஸ்டேட்டில் வேலை செய்து பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை லைஃப் சர்ட்டிஃபிகேட் (உயிரோடு இருக்கிறோம் என்ற சான்று) கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். கொழுந்து பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த விரல், மெஷினில் பதியாது. அதற்காக வயசானவர்களைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கி, "ரேகை விழலை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே பதியலாம். வீட்டில் நாற்காலியில் உட்கார வைத்து, வெளிச்சம் இருக்கும் ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணை இமைக்கச் சொன்னால் முடிந்தது. இந்த பி.எஃப். பென்ஷனுக்கு நவம்பர்தான் என்றில்லை, எந்த மாதம் கொடுத்தாலும் அங்கிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்குத்தான் நவம்பர்.

முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது மாதாமாதம் வருகிறதா, வந்தது அவர் கைக்குப் போகிறதா என்று நயமாகக் கேளுங்கள். போகவில்லை என்றால், அல்லது வேறு விதமான கொடுமை ஏதாவது இருந்தால், 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. பெற்றோரைப் பராமரிப்பதற்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் தம்பி, இந்தப் படியை நீ தனியாக எடுக்காதே. ஐயரையோ மூத்தவர் ஒருவரையோ கூட வைத்துக்கொள்.

நவம்பர் 2, மாலை

இன்று கல்லறைத் திருநாள். டைகர் ஹில் கல்லறைக்குப் போய்வந்தேன். சரிவு எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். முட்டி வலியுள்ளவர்கள் மேலே நின்று பூவை யாரிடமாவது கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். வாலிபர்கள் நாலு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு நின்றால் அவர்களைக் கீழே வரை கொண்டுபோய்விடலாம். அடுத்த வருஷத்துக்கு இப்போதே எழுதி வைக்கிறேன்.

இன்று எழுத வந்தது வேறு. பார்த்துக்கொண்டவர்களின் துக்கத்தைப் பற்றி இந்த இழையில் யாரும் பேசவில்லை.

நீண்டநாள் படுத்திருந்தவர் போனால் துக்க வீட்டில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "வயசாச்சு, நல்ல சாவு." "கஷ்டப்படாம போயிட்டாங்க." அப்புறம் பார்த்துக்கொண்டவளைப் பார்த்து, "உனக்கும் விடுதலை, இனிமேயாவது உடம்பைப் பாரு." எல்லாம் அன்பாகச் சொல்வதுதான். ஆனால் அவளுக்கு என்ன நடக்கிறது? ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு தானாக எழுந்துகொள்கிறது. புரட்டிப் போட ஆள் இல்லை. கஞ்சிக்கு அரிசி அளந்து போட்டுவிட்டு, யாருக்கு என்று நிற்கிறாள். வருஷக்கணக்கில் வெளியே போகாததால் போய்ப் பேச ஒரு சிநேகிதி கிடையாது. உள்ளுக்குள் "அப்பாடா" என்று ஒரு நொடி தோன்றியிருக்கும். அந்த ஒரு நொடிக்காகத் தன்னையே கொலைகாரிபோல நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பாள். நான் பேசிய அத்தனை பெண்களும், குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடைசியில் சொன்னது இதைத்தான். எனக்கும் அது வந்தது. களைத்துப்போன உடம்பு மூச்சு விடுவதற்கும் அன்பு குறைவதற்கும் சம்பந்தமில்லை. இதை யாராவது வந்து நேராக அவளிடம் சொல்ல வேண்டும்.

எப்போது வந்து சொல்ல வேண்டும்? அடக்கத்தன்று வீடு நிறைய ஆள். முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் பந்தலும் பிரியாணியும். அதோடு சரி. அதற்குப் பிறகுதான் உறவுக்காரர்கள் ஊர் திரும்பி, வீடு காலியாகி, கட்டிலைக் கழற்றி வைத்து, அவள் தனியாக இருக்கிறாள். நம் ஊழியம் அங்கே தொடங்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு டைரி இருக்கிறது. அடக்க ஆராதனை முடிந்த அன்றே மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், இறந்தவரின் பிறந்தநாள், கல்யாண நாள், முதல் கிறிஸ்துமஸ், ஓராண்டு என்று பக்கம் பக்கமாகக் குறித்துவிடுவோம். யார் போவது என்ற பெயரும் அதிலேயே. சாவு வீட்டில் ரொம்ப அழுது உருண்டவர்களைவிட, டம்ளர் கழுவிக்கொண்டு ஓடியாடி எல்லாரையும் கவனித்தவர் பெயருக்கு நேரே கோடு போட்டு வைப்பேன். அவர்களுக்குத்தான் பிறகு ஆள் தேவைப்படுகிறது.

நவம்பர் 4

துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டாமே, எந்தக் கட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்த ஐந்தை 1969இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல டாக்டர் எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பிறகுதான் அதை இழந்தவர்கள்மேல் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். நான் பார்த்த வரையில் துக்கம் படிப்படியாக இறங்குவதில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டு மூடுபனிபோல, விலகிவிட்டது என்று நினைத்த அடுத்த வளைவில் முன்னைவிட அடர்த்தியாக நிற்கும்.

என்ன பேசுவது என்றால், பேசாமலும் இருக்கலாம். யோபின் சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இரவு பகல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை (யோபு 2:13). அவர்கள் செய்ததிலேயே நல்லது அதுதான், வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார், எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும். "கிறிஸ்தவர்கள் அழக் கூடாது, நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அழுவார்கள்" என்று துக்க வீட்டில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பவுல் "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்றார். துக்கிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் நம்மால் முடியாத எல்லை ஒன்று உண்டு. மாதங்கள் போயும் சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், இறந்தவரிடமே போய்விட வேண்டும் என்று பேசினால் அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நீடித்த துக்கத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது, ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் என்று. சாகும் பேச்சு வந்தால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், அன்றே. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள்.

நவம்பர் 9

கூடலூர் வாசகர் ஒருவர், பக்கத்து வயநாட்டிலும் மலப்புறத்திலும் அக்கம்பக்கத்தார் சேர்ந்தே நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதை எழுதியிருந்தார். நன்றி. 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய வேலை அது. 2008இல் கேரள அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. அங்கே மதம் பார்ப்பதில்லை. நாமும் பார்க்கக் கூடாது. என் அத்தையின் கடைசி ராத்திரிகளில் என்னோடு விழித்திருந்தவர் அடுத்த வீட்டு மாரியம்மன் பக்தைதான். நம் மலையின் படுகர் ஹட்டிகளில் (ஊர்களில்) ஒரு சாவு என்றால் ஊரே திரண்டு நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கே உரிய இன்னொரு துக்கம் இருக்கிறது. சிலோனிலிருந்து வந்தவர்களுடையது. 1964இல் இரண்டு அரசும் செய்த ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றும் 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்றும் எழுதிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி அங்கேயே என்று பிரிந்தது. டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து வேலை செய்து இங்கேயே கிழவர்கள் ஆனவர்கள் எத்தனையோ பேர். ஒரு தாத்தாவுக்கு, இலங்கையில் ஹட்டன் பக்கம் இருந்த தம்பி இறந்துவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அடக்கத்தைப் போனிலேயே பார்த்தார். மறுநாள் வழக்கம்போலக் கடைக்குப் போய் டீ குடித்தார். அவர் வீட்டில் உடல் இல்லை, பந்தல் இல்லை, அதனால் அது சாவு வீடாகவே யாருக்கும் தோன்றவில்லை. விஷயம் கேள்விப்பட்டு எங்கள் ஐயர், அவர் வீட்டில் தம்பிக்கு நினைவு ஜெபம் வைத்தார். நாற்காலி போட்டு, ஊரைக் கூப்பிட்டு, முறைப்படி. தாத்தா முதல் தடவையாக அழுதது அன்றுதான். தம்பியின் பெயர், லயத்து (தோட்டத்து வரிசை) வீட்டில் இருவரும் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கியது, ராமேஸ்வரம் கப்பல், மண்டபம் முகாம் என்று நடுராத்திரி வரை பேசினார்.

இந்த மாதிரிச் சாவுகள் உங்கள் சபையில் எத்தனை நடந்து கவனிக்கப்படாமல் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நவம்பர் 16

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல், ஏற்கெனவே தெரிந்தவர்கள் தாண்டிப் போங்கள். பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை சொந்த வண்டிகளுக்கு மூடியிருக்கும், 2009இலிருந்தே. பெங்களூரில் சாயங்காலம் சாவுச் செய்தி கேட்டு மைசூர் வழி பிடித்தால் கேட்டில்தான் விடியும். சேலம், கோவை, மேட்டுப்பாளையம் வழியாக வரச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிக்கு இ-பாஸும் வேண்டும், போனிலேயே எடுக்கலாம். அழுதுகொண்டு வண்டி ஓட்டி வருகிற பையனுக்கு இதையெல்லாம் தேட மனசிருக்காது. சபையில் ஒருவர் இந்த வேலைக்கென்றே இருந்தால் நல்லது. அவர் போன் செய்து வழியைச் சொல்லி, பாஸ் எடுத்து அனுப்பி, மலையேறும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கட்டும்.

நவம்பர் 22

இதுவரை நான் மகள், மருமகள் என்றே எழுதி வந்திருக்கிறேன். ஆண்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று அருவங்காடு அண்ணன் கேட்டது சரியான கேள்வி.

மனைவியை இழந்த ஆண்கள்தான் எங்கள் டைரியில் அதிகம் கவலைக்குரியவர்கள். பெண்கள் பத்து பேர் சூழ உட்கார்ந்து அழுதுவிடுகிறார்கள். இவர்கள் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது, சோறு வடிக்கத் தெரியாது, பிஸ்கெட்டும் டீயுமாக நாளை ஓட்டுவார்கள். பெண்கள் குழுவாகப் போனால் "நல்லா இருக்கேம்மா" என்று எழுந்து நிற்பார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு ஆண்கள் போக வேண்டும். போய் எதிரெதிரே உட்கார்ந்து ஆறுதல் சொல்லக் கூடாது, கூட ஒரு வேலை செய்ய வேண்டும். எங்கள் சபையில் ரிட்டயர்ட் வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர் ஒருவர், மனைவி போன பிறகு பேச்சே விட்டுப்போனவர். இன்னொரு தாத்தா அவர் வீட்டுக் கேரட் பாத்தியைக் கொத்திவிடப் போனார். பாத்தி முடிகிற வரை பேச்சில்லை. முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது, "அவளுக்குக் குழம்புல உப்பு போடவே தெரியாதுப்பா" என்று ஆரம்பித்தாராம். அப்புறம் நிற்கவில்லை. இப்போது இருவரும் சேர்ந்து சனிக்கிழமை சமைக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ரசம் நன்றாக வருகிறது என்று கேள்வி.

நவம்பர் 30

அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்) தொடங்கிவிட்டது, வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்குப் பட்டியல் போடும் நேரம். இந்த வருஷம் சாவு நடந்த வீடுகளை வழக்கம்போல "துக்க வீடு" என்று அடித்துவிட்டுப் போகாதீர்கள். ஸ்டார் கட்டாமல், புதுத்துணி எடுக்காமல், பலகாரம் சுடாமல் இருக்கிற வீடு அது. பக்கத்து வீட்டில் டிரம் அடித்துப் பாடிவிட்டு இந்த வாசலைத் தாண்டிப் போகும் சத்தத்தை உள்ளே இருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவர்களிடம் முன்னதாகவே போய்க் கேளுங்கள், வரலாமா என்று. வேண்டாம் என்றால் சரி. பெரும்பாலும் வரச் சொல்வார்கள். டிரம், தொப்பி, தாத்தா வேஷம் எல்லாம் ரோட்டிலேயே நிற்கட்டும். ஐந்தாறு பேர் மட்டும் உள்ளே போய், இறந்தவருக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டு அதைப் பாடுங்கள். அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பெயரைச் சொன்னால் அழுதுவிடுவார்களே என்று பயந்து ஊரே அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்தியிருக்கும். அழட்டும். காணிக்கை டப்பாவை மட்டும் அந்த வீட்டில் நீட்ட வேண்டாம்.

டிசம்பர் 7

கோத்தகிரியிலிருந்து நல்ல செய்தி வந்திருக்கிறது, கமிட்டி ஒத்துக்கொண்டுவிட்டது. ஜனவரியிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில், மூன்று வீடு. பட்டியலைப் படித்துக் காட்டியபோது ஒரு கமிட்டி உறுப்பினரே எழுந்து, "என் தங்கை பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றாராம். எனக்கு இதைப் படித்ததிலிருந்து சந்தோஷம் தாங்கவில்லை.

முதல் செவ்வாய்க்கு மட்டும் சில வார்த்தை. மூன்று வீட்டுக்கு மேல் இப்போது ஏற்றாதீர்கள், தொடங்கி நிறுத்துவது தொடங்காததைவிட மோசம். சளி, இருமல் உள்ளவர்கள் அன்றைக்குப் போக வேண்டாம், படுத்திருப்பவருக்கு அது நிமோனியாவாகிவிடும். எந்த மாத்திரையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது மட்டும். ஆண் நோயாளி என்றால் இருவரில் ஒருவராவது ஆண். அந்த வீட்டில் பார்த்ததை, கேட்டதை ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே சொல்லக் கூடாது, இதில் கண்டிப்பாக இருங்கள். மதியச் சாப்பாட்டை உங்கள் டிபன் பாக்ஸிலேயே கொண்டுபோங்கள், வீட்டுக்காரிக்கும் சேர்த்து. அவள் முதல் வாரம் வெளியே போகத் தயங்குவாள், அடுப்படியிலேயே சுற்றிக்கொண்டிருப்பாள். வற்புறுத்தாதீர்கள், இரண்டாம் மூன்றாம் வாரம் போவாள்.

படுத்திருப்பவரைப் புரட்டிக் காட்டித் தர ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார், பொங்கலுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கூட்டி வருகிறேன். ஒரு கட்டில், இரண்டு விரிப்பு, படுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு வாலிபர், இவ்வளவும் தயாராக வைத்திருங்கள்.